தின்னர் மாறினால் பியு பாலிஷ் இறுகாது: ஒரு தேக்கு அலமாரியை இரண்டு தடவை உரித்த கதை

பியு (பாலியூரித்தேன்) பாலிஷ் அடித்து 6 நாள் ஆகியும் அலமாரிக் கதவில் விரலை வைத்தால் ரேகை அப்படியே பதிகிறது. வெயிலில் காய வைத்தும் ஒட்டல் போகவில்லை. காரணம் தின்னர், பாலிஷை இளக்கக் கலக்கும் திரவம். காரைக்குடியில் ஒரு பெயிண்ட் கடையில் பியு தின்னர் என்று கேட்டதற்கு என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரை எடுத்து வைத்து, "எல்லாம் ஒண்ணுதாண்ணே, தாராளமா ஊத்துங்க" என்றார் கடைக்காரர். டின்னைப் படிக்காமல் வாங்கி வந்தாயிற்று.

இரண்டும் ஒன்றே கிடையாது. பியு, பேஸ் ஒரு டின்னும் ஹார்டனர் ஒரு டின்னுமாக வரும். இரண்டும் சேர்ந்தால்தான் இறுகும். என்சி தின்னரில் பெரும்பாலும் ஆல்கஹால் கலந்திருக்கும். பேஸோடு சேர வேண்டிய ஹார்டனர் அந்த ஆல்கஹாலோடு சேர்ந்து செலவாகிவிடும். பேஸ் அரைவேக்காட்டில் நின்றுபோகும். அதன்மேல் இன்னொரு கோட் அடித்தாலும் அடியில் இருப்பது இறுகாது. திரும்ப உரிப்பது ஒன்றுதான் வழி. எந்தக் கம்பெனி பேஸ் வாங்குகிறீர்களோ அதே கம்பெனியின் பியு தின்னரையே வாங்குங்கள். கடையிலேயே டின்னைத் திருப்பி எழுத்தைப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

அலமாரி 3 அடி உயரம், 2 அடி அகலம், இரண்டு கதவு. பின்கட்டுக் குளியலறைச் சுவரில் இருந்தது. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் இப்படிப் பர்மா தேக்கின்மேல் கோட் கோட்டாக எனாமல் ஏற்றி வைத்திருப்பார்கள். பாலிஷுக்கு முன்னால், அதன்மேலேயே புதுசாக ஒரு கோட் பெயிண்ட் அடித்ததில் ஒரு மாதத்துக்குள் கொப்புளம் வந்து, நகத்தால் கிள்ளினால் தோலாக வந்துவிட்டது. சோப்புப் படிவை எடுக்காதது ஒரு தப்பு. பெரிய தப்பு முதுகுப் பலகை. அதில் ஒரு பொட்டுப் பெயிண்ட் கிடையாது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வாங்கி விடும். முதுகு வழியாக மரத்துக்குள் போன அந்த ஈரம் முன்பக்கப் பெயிண்டைத் தள்ளிவிடுகிறது. சுவரைச் சிமெண்ட் பூசி அடைக்காதீர்கள், ஈரம் வேறு இடத்தில் கிளம்பும். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் அரை அங்குலக் கட்டை கொடுத்தால் காற்று போய்வரும்.

முதலில் இந்தப் பெயிண்டை உரிப்பதற்கு 2 லிட்டர் பெயிண்ட் ரிமூவர் ஆனது. வேலை முழுவதும் கொல்லையில், நிழலில். வெயிலில் வைத்தால் ரிமூவர் வேலை செய்வதற்குள் காய்ந்துவிடும். மூடிய குளியலறைக்குள் மட்டும் தடவவே கூடாது. மெத்திலீன் குளோரைடு கலந்த ரிமூவரின் ஆவி ஆளையே கொல்லும். சாதாரண ரப்பர் கையுறையையும் அது ஊடுருவிவிடும், கையில் பட்டால் உடனே கழுவுங்கள். கனமாகத் தடவி, பாலித்தீன் தாளால் மூடி, பெயிண்ட் சுருங்கி எழுந்ததும் பட்டி பிளேடால் மர ரேகைப் போக்கில் வழித்தால் இரண்டு மூன்று கோட் சேர்ந்தே வந்துவிடும். காஸ்டிக் சோடா போடலாம் என்று சொல்வார்கள், வேண்டாம். தேக்கு கறுத்துவிடும்.

இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நெருப்புக் காட்டி உரிக்காதீர்கள். மிச்சத்தை உலர் உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். வழித்த சக்கையைக் கிணற்றடியிலோ தோட்டத்திலோ கொட்டாமல் பையில் கட்டிவிடுங்கள்.

பெயிண்ட் போனதும் கீல் இருந்த இடமெல்லாம் மை கொட்டியது போலக் கறுப்பு. இரும்புத் திருகாணியும் ஈரமும் தேக்கின் துவர்ப்பும் சேர்ந்து வந்த கறை அது, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. வெந்நீர் ஒரு லிட்டருக்கு 100 கிராம் ஆக்சாலிக் அமிலம் கரைத்துத் தடவினால் அரை மணி நேரத்தில் வெளுக்கும். மூன்று தடவை தண்ணீர் விட்டுக் கழுவி 2 நாள் காய விடுங்கள். கழுவாமல் தேய்த்தால் தூசி மூக்கை அரிக்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரைமேல் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அது சிமெண்ட் கல், அமிலம் சொட்டிய இடம் வெளுத்துப் பூத்துவிடும், திரும்பப் பளபளப்பு வராது. புதுக் கீலும் திருகாணியும் பித்தளையில் போடுங்கள். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய பித்தளைக் கீல் கிடைக்கிறது.

உப்புத்தாள் 120, 180, 220 நம்பர் என்று ஏற வேண்டும், எல்லாம் ரேகைப் போக்கில். பாலிஷுக்கு முன் தின்னர் தொட்ட துணியால் ஒரு தடவை அழுத்தித் துடையுங்கள். ரிமூவரில் இருந்த மெழுகும் தேக்கின் எண்ணெயும் துணியில் மஞ்சளாக வரும். தவறாக வந்த அந்த என்சி தின்னர் இந்த வேலைக்கு நன்றாகவே உதவியது. ஆனால் முழுக்க ஆவியான பிறகுதான் பாலிஷ்.

இரண்டாவது தடவை பியு சீலர் (மரத்தின் துளைகளை அடைக்கும் அடிப்பூச்சு) 2 கோட், நடுவில் 320 தாள், மேலே பாலிஷ் 2 கோட். மறுநாள் காலையிலேயே கல்லாக இறுகிவிட்டது, நகம் இறங்கவில்லை. கலக்கும் அளவு டின்னுக்கு டின் மாறும், கண் திட்டத்தில் ஊற்றாதீர்கள். ஒரு கோட்டுக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். ஆவி வடிகட்டும் முகமூடி கட்டாயம், துணி போதாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். ஹார்டனர் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து வாயு கிளம்பிப் படலத்தில் குமிழி நிற்கும். மாசி, பங்குனியில் காலை 10 மணிக்கு மேல் சரியாக வரும். மாட்டிய பிறகும் ஒரு வாரம் தண்ணீர் தெறிக்க விடாதீர்கள்.

மாட்டுவதற்கு முன் கதவைத் தலைகீழாக நிறுத்தி அடி விளிம்பைப் பாருங்கள். எந்த ஆசாரியும் அங்கே பிரஷ் விட்டிருக்க மாட்டார். தண்ணீர் வடிந்து நிற்பதும் பெயிண்ட் முதலில் தூக்குவதும் அங்கேதான். அந்த அரை அங்குல விளிம்புக்கு மட்டும் 3 கோட் கொடுங்கள்.