மொப் டீப் திரும்ப வந்திருக்காங்க மச்சான்

ஹட்டன்ல இருந்து தலவாக்கலை போற பஸ்ல ஹெட்செட் மாட்டி நியூயோர்க் ராப் ஜோடி மொப் டீப்போட ‘இன்ஃபினிட்’ அல்பத்த கேட்டேன், டிரைவர் போட்ட குத்துப்பாட்டு வேற நடுவுல நடுவுல உள்ள புகுந்துக்கிட்டே இருந்துச்சு. ஜோடில ஒருத்தரான ப்ராடிஜி 2017லயே இறந்துட்டாரு, பிறந்ததுல இருந்தே சிக்கிள் செல்ங்கிற ரத்த நோயோட மல்லுக்கட்டுன மனுஷன், அவர் பாடி வச்சிட்டுப் போன வெர்ஸ எல்லாம் எடுத்து ஜோடில மத்தவரான ஹேவக்கும், தி அல்கெமிஸ்ட்ங்கிற புரொடியூசரும் பீட் போட்டு 2025 அக்டோபர்ல விட்டாங்க.

செத்தவங்க குரல வச்சு அல்பம்னாலே எனக்கு ஆகாது, காசு பாக்குற வேலையாத்தான் இருக்கும். ஆனா அல்கெமிஸ்ட் 1999ல ‘மர்டா மியூசிக்’ அல்பம் காலத்துல இருந்தே இவங்களோட வேல செஞ்ச ஆள், ப்ராடிஜி குரலுக்கு எவ்வளவு இடம் விடணும்னு தெரியும், அந்த அலட்டாத, பாதித்தூக்கத்துல மிரட்டுற மாதிரி குரல் இருக்கே, அதுக்கு மேல பீட் ஏறி உக்காரவே இல்ல.

கூட ராப் பண்ண நாஸ், கிளிப்ஸ்னு பெரிய ஆளுங்க நிறைய, எனக்கென்னமோ இவங்களோட பழைய கூட்டாளி ராப்பர் பிக் நாய்ட் வந்தப்பதான் பழைய கூட்டம் சேந்த மாதிரி இருந்துச்சு. 15 பாட்டு கொஞ்சம் ஓவர்தான், ரெண்டு மூண கழிச்சிருக்கலாம். இவங்களோட 1995 அல்பம் ‘தி இன்ஃபேமஸ்’ அளவுக்கு வருமான்னு கேக்காதீங்க, வராது.