சைக்கிளில் போனோம், ராக் கேட்டோம், பஸ்ஸில் வந்து நொந்தோம்

நேற்று இரவு வீடு வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பின்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். செயினைக் கியருக்குக் கியர் தள்ளிவிடும் டெரெய்லர் உள்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. பஸ்ஸில் ஏற்றும்போது நேராக இருந்தது, இறக்கும்போது வளைந்திருந்தது, இந்தச் சேவைக்கு நாங்கள் கொடுத்த காசு எங்கள் இரண்டு பேர் டிக்கெட்டுக்குச் சமம். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் போன காரியம் இந்த வருடத்திலேயே நான் செய்த நல்ல காரியம், அதைப் போய் இந்தக் கோபத்தில் முக்கி எடுக்க மனசில்லை. அதனால் நல்லதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

திறந்தவெளியில் ஒரு ராக் கச்சேரி. நாலு பேர் குழு, எனக்கும் தம்பிக்கும் பல வருடமாகப் பிடித்தவர்கள். இடம் எங்களிடமிருந்து 92 கிலோமீட்டர். கடைசி வரிசை டிக்கெட் வாங்கியதற்கே சேர்த்துவைத்ததில் பெரும்பகுதி போய்விட்டது, போகவர வாடகை வண்டி பிடித்தால் இன்னொரு டிக்கெட் விலை ஆகும். "அக்கா, சைக்கிள்லயே போயிடலாமா?" என்று தம்பிதான் கேட்டான். அவன் டிரம்ஸ் வாசிக்கிறவன், சைக்கிள் எடுப்பது வாரத்தில் ஒரு நாள், அதுவும் நான் இழுத்துக்கொண்டு போனால். எனக்குக் காலையில் ஒரு மணி நேரம் மிதிக்காவிட்டால் அந்த நாள் விடிந்த மாதிரியே இருக்காது. யோசிக்காமல் சரி என்றேன்.

வழி, செலவு, எடுத்துப்போன சாமான் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். எவ்வளவு தூரம் முடிகிறதோ பார்க்கலாம்.

காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். முதல் 30 கிலோமீட்டரில் சொல்ல ஒன்றுமில்லை, நல்ல ரோடு, இருட்டு, இரண்டு விளக்கு, அவ்வளவுதான். வெயில் ஏற ஏற எதிர்காற்று தொடங்கியது. காற்றைப் பற்றி சைக்கிள்காரர்கள் ஏன் இவ்வளவு புலம்புகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் இழுப்பு நான்கு மடங்காகும், அந்த வேகத்தைத் தாங்க ஒவ்வொரு நொடியும் நாம் போடவேண்டிய உழைப்போ எட்டு மடங்கு. அதனால்தான் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப் போவது. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுக்க, பின்னால் வருகிறவருக்கு உழைப்பில் கால்வாசிக்கு மேல் மிச்சமாகும். தம்பியைப் பின்னால் வரச் சொல்லிவிட்டு நான் முன்னால் போனேன்.

அங்கேதான் இந்தப் பயணத்தின் சுவையான விஷயம் தொடங்கியது. பின்னால் வந்தவனுக்கு என் காலைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, நீ 86-ல மிதிக்கிற" என்றான். என் மீட்டரைப் பார்த்தேன், நிமிடத்துக்கு 85 சுற்று என்று காட்டியது! டிக் டிக் என்று தாளம் எண்ணித்தரும் மெட்ரோனோமோடு வருடக்கணக்கில் உட்கார்ந்து பழகியவனுக்குக் கண்ணிலேயே தாளம் இருக்கிறது. மிதிக்கிற இந்த வேகத்தைச் சைக்கிள்காரர்கள் நாங்கள் கேடன்ஸ் என்று சொல்வதை அவன் டெம்போ என்கிறான், வேறு வித்தியாசமே இல்லை. ஒரு சுற்றுக்கு வலது கால் ஒரு மிதி, இடது கால் ஒரு மிதி, ஆக 85 சுற்று என்றால் நிமிடத்துக்கு 170 அடி. அதில் வலது காலைக் கிக் டிரம் (காலால் அடிக்கிற பெரிய டிரம்) என்றும் இடது காலை ஸ்னேர் (குச்சியால் அடிக்கிற சின்ன டிரம்) என்றும் வைத்துக்கொள், ராக் பாட்டில் இரண்டாவது நாலாவது அடியில் விழுகிற அந்த 'டக்' முழுக்க உன் இடது காலுக்குத்தான் என்றான். அவ்வளவுதான், அதற்கப்புறம் என்னால் வெறுமனே மிதிக்க முடியவில்லை. இடது கால் இறங்கும்போதெல்லாம் உள்ளே ஒரு ஸ்னேர் அடித்துக்கொண்டே வந்தது.

காதில் எதையும் மாட்டிக்கொண்டு நான் ஓட்டுவதில்லை. பின்னால் வருகிற லாரி கண்ணில் படுமுன் காதில்தான் விழும், அந்தக் காதை அடைத்துக்கொண்டு ரோட்டில் போவது முட்டாள்தனம், நேராகவே சொல்கிறேன். எனக்கு அன்றைக்கு அது தேவைப்படவும் இல்லை, தம்பி வாயாலேயே டும் டக் டும்டும் டக் என்று வாசித்துக்கொண்டு வந்தான்.

55-வது கிலோமீட்டரில் ஏற்றம். என் சைக்கிளில் முன்னால் சின்னப் பல்சக்கரத்துக்கு 34 பல், பின்னால் பெரியதற்கு 32. அந்தக் கியரில் ஒரு முழுச் சுற்று மிதித்தால் வண்டி இரண்டேகால் மீட்டர்தான் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு 8 கிலோமீட்டர், ஓடுகிறவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனால் 60 சுற்று என்பது 120 அடி, ராக் பாட்டு நிதானமாக நடக்கிற வேகம். "இதுதான் அக்கா சரியான டெம்போ, விடாதே" என்று பின்னாலிருந்து கத்தினான். மூச்சு வாங்குகிறபோதும் எண்ணிக்கொண்டே வந்தான். 25 நிமிடம் அந்த 120-ஐ விடாமல் ஏறினோம். தனியாக வந்திருந்தால் பாதியில் இறங்கித் தள்ளியிருப்பேன்.

மேட்டைத் தாண்டி இறங்கியதும் என் பின்சக்கரம் பஞ்சர். கண்ணாடித்துண்டு, டயரிலேயே ஒரு சென்டிமீட்டருக்கு வாய் பிளந்துவிட்டது. ட்யூபை ஒட்டுவது பெரிய வேலையில்லை. ஒட்டுவதற்கு முன் டயரின் உள்பக்கம் முழுக்க விரலை மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும், குத்திய பொருள் அங்கேயே இருந்தால் கிலோமீட்டர் தாண்டுவதற்குள் மறுபடி குத்தும். என் பிரச்சினை அந்தக் கிழிசல். காற்றடித்தால் ட்யூப் அதன் வழியாகப் பிதுங்கி வெடிக்கும். உள்ளே ஏதாவது கெட்டியாகக் கொடுத்து மறைக்க வேண்டும், எங்களிடம் அப்படி எதுவும் இல்லை. கடைசியில் செலவுக்கு வைத்திருந்ததிலேயே பெரிய நோட்டை எடுத்து நாலாக மடித்து வைத்தேன். பழைய சைக்கிள்காரர்களின் வைத்தியம் இது, பணத்தாள் அவ்வளவு சீக்கிரம் கிழியாது. காற்றைக் கொஞ்சம் குறைத்தே அடித்தேன், தாங்கியது. இருந்த காசில் ஒரு பெரிய பங்கு டயருக்குள் போனதில் வயிறு எரிந்தது என்னவோ உண்மை.

நான் பம்பு அடிக்கும்போது தம்பி ஒரு கதை சொன்னான், அது எனக்குத் தெரியாது. 1964-ல் கிங்க்ஸ் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் கிடார்காரர் டேவ் டேவிஸ் தன் சின்ன ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் தாளை பிளேடால் கீறிவிட்டாராம். கிழிந்த தாள் அதிர்ந்து அதிர்ந்து ஒரு கரகரப்பு வந்தது, அந்தக் கரகரப்பு வைத்தே பாட்டுப் பதிவானது. பதிலுக்கு நான் டயர்காரர் டன்லப்பின் கதையைச் சொன்னேன். 1880-களின் கடைசியில் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்தவர், மகனின் மூன்றுசக்கர சைக்கிள் குலுங்காமல் ஓடட்டும் என்று ரப்பர் குழாயில் காற்றடைத்துக் கட்டிவிட்டார். பிள்ளைக்காகச் செய்த அந்த வேலையில்தான் இன்றைக்கும் நாம் உருண்டுகொண்டிருக்கிறோம்.

மதியத்துக்குள் சேர்ந்துவிட்டோம். ஒரு தங்கும் விடுதியில் பொது அறையில் இரண்டு கட்டில், இருந்ததிலேயே மலிவு. சைக்கிளை உள்ளே வைக்க விட்டார்கள், எனக்கு அது போதும்.

இனி கச்சேரி. கடைசி வரிசை என்று சொன்னேன் இல்லையா, மேடை 100 மீட்டருக்கு அப்பால். டிரம்மர் குச்சி இறங்குவது தெரிகிறது, சத்தம் பிறகு வருகிறது. ஒலிக்கு 100 மீட்டர் கடக்க கிட்டத்தட்ட 0.3 நொடி ஆகும், நிமிடத்துக்கு 120 அடி போகிற பாட்டில் 0.3 நொடி என்றால் பாதி அடிக்கு மேல். தம்பிக்கு இது சுத்தமாக ஆகவில்லை, கண்ணை மூடிக்கொண்டு நின்றான். இரண்டு பாட்டு முடிந்ததும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நடுவில் இருக்கும் மிக்ஸிங் மேசைக்கு முன்னால் நிறுத்தினான். அங்கே நிற்க யாரும் தடுக்கவில்லை. மலிவு டிக்கெட் வாங்குகிற எல்லோருக்கும் சொல்கிறேன், மேடைக்கு ஒட்டிப் போய் நசுங்காதீர்கள், மிக்ஸிங் மேசையைத் தேடுங்கள். ஒலி அமைக்கிறவர் தன் காதுக்குச் சரியாக இருக்கும்படிதான் எல்லாவற்றையும் திருத்துவார், அவர் பக்கத்தில் நின்றால் அவர் கேட்பதே உங்களுக்கும் கேட்கும்.

காதடைப்பான் போட்டுக்கொண்டேன். தம்பியும் போட்டிருந்தான், டிரம்மர்களுக்கு அது தெரியும். அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழில் பாதுகாப்பு அமைப்பின் கணக்குப்படி 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் கேட்கலாம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100 டெசிபல் என்றால் கால்மணி நேரம்தான். ராக் கச்சேரி இரண்டு மணி நேரம். ஃபோம் அடைப்பானை விரலால் மெல்லியதாக உருட்டி, மறுகையால் காதை மேலே பின்னால் இழுத்துப் பிடித்து உள்ளே விட வேண்டும், சும்மா வாசலில் ஒட்டிவைத்தால் பயனில்லை. அடைத்துக்கொண்டால் இசை போய்விடும் என்று பயப்படாதீர்கள். இந்த இசையை அறுபது வயதிலும் கேட்க ஆசைப்படுகிறவள் நான்.

அந்த கிடார் சத்தத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. வால்வு ஆம்ப்ளிஃபயர், தாங்குகிற அளவுக்கு மேல் அழுத்தினால் ஒலியலையின் முகடு நறுக்கப்பட்டுத் தட்டையாகும், அதிலிருந்து மூல சுரத்தில் இல்லாத மேல் சுரங்கள் பிறக்கும், அதுதான் அந்தக் கரகரப்பு, கம்பியிலிருந்து கை எடுத்த பிறகும் அது நிற்காமல் நீள்கிறது. மேடையில் இருந்தது மார்ஷல் பெட்டி. லண்டனில் டிரம்ஸ் கடை வைத்து டிரம்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஜிம் மார்ஷல் 1962-ல் தொடங்கியது. "செஞ்சவர் டிரம்மர்" என்று தம்பி இரண்டு தடவை காதில் கத்தினான்.

தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிடாரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதைக் காதால் கேட்கவில்லை. காலையிலிருந்து மிதித்துச் சோர்ந்த தொடையில் நேராக வந்து உட்கார்ந்தது. எத்தனையோ கச்சேரிக்கு வண்டியில் போய் இறங்கியிருக்கிறேன், உடம்பு இப்படித் திறந்து கிடந்து நான் இசை கேட்டதில்லை. பசித்து உட்கார்ந்தவளுக்குச் சோறு போட்ட மாதிரி. ஆறாவது பாட்டோ ஏழாவதோ, நிதானமான ஒன்று, டிரம்மர் மட்டும் தொடங்கினார். நாலு அடி விழுந்திருக்கும், தம்பி என் பக்கம் திரும்பினான். நானும் திரும்பினேன். 120. எங்கள் மேடு. அவன் சொல்லவே இல்லை, என் இடது கால் தானாக ஸ்னேரில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பாட்டு முடியும்வரை இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே அந்த மேட்டை இன்னொரு தடவை ஏறினோம். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

மறுநாளும் மிதித்தே திரும்புவதாகத்தான் திட்டம். காலையில் தம்பிக்கு முட்டியின் முன்பக்கம் வலி. சீட் தாழ்வாக இருந்தால் வருகிற வலி அது, போன மாதமே உயர்த்தியிருக்க வேண்டும், நான் கவனிக்கவில்லை. வேறு வழியில்லாமல் பஸ்.

டிக்கெட் கொடுத்து ஏறிய பிறகு டிரைவர் கேட்டார், சைக்கிளுக்குத் தனியாகக் கொடு என்று. எவ்வளவு என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை, ரசீதும் இல்லை. ஒரு சைக்கிளுக்கு ஒரு ஆள் டிக்கெட். பேரம் பேசினேன், "அப்போ இறங்கிக்க" என்றார். தம்பியின் முட்டியைப் பார்த்தேன், கொடுத்தேன். கையில் இருந்தது தீர்ந்தது, மிச்சம் டயருக்குள் இருக்கும் நோட்டு மட்டும்தான். காசு போனால் போகட்டும். அடியில் சாமான் வைக்கிற இடத்தில் என் சைக்கிளை வலப்பக்கம் கீழே இருக்கும்படி படுக்கவைத்தார். செயினும் டெரெய்லரும் இருப்பது அந்தப் பக்கம், அது எப்போதும் மேலே பார்த்துத்தான் இருக்க வேண்டும். சொன்னேன். "எத்தனை சைக்கிள் ஏத்தியிருக்கேன் தெரியுமா" என்று சொல்லிவிட்டு மேலே இரண்டு மூட்டையைத் தூக்கிப் போட்டார். என்னையே திருப்பி வைக்க விட்டிருக்கலாம், அரை நிமிட வேலை. டாக்கிங் ஹெட்ஸ் என்ற ராக் குழுவின் பாடகராக இருந்த டேவிட் பர்ன் இசைப் பயணங்களுக்கெல்லாம் மடக்கு சைக்கிளைக் கூடவே எடுத்துப் போவார், மூன்று மணி நேரமும் அதை நினைத்துப் பொறாமைப்பட்டுக்கொண்டே வந்தேன்.

இறங்கிய இடத்திலிருந்து வீட்டுக்கு 14 கிலோமீட்டர். பின்னாலிருந்து குனிந்து பார்த்ததுமே தெரிந்தது, டெரெய்லரின் இரண்டு சின்னச் சக்கரமும் மேலே இருக்கும் பல்சக்கரத்தோடு ஒரே கோட்டில் இல்லை. வளைந்தது ஹேங்கர், டெரெய்லரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் துண்டு. அடிபட்டால் சட்டம் பிழைக்கட்டும் என்று வேண்டுமென்றே மென்மையான அலுமினியத்தில் செய்கிறார்கள். அந்த நிலையில் பெரிய பல்சக்கரத்துக்குப் போட்டால் டெரெய்லர் கம்பிகளுக்குள் சிக்கிச் சக்கரத்தோடு போய்விடும். நடுவில் ஒரே கியரில் வைத்து, தம்பியின் முட்டிக்கு ஏற்ற வேகத்தில் உருட்டிக்கொண்டு வந்தோம்.

இன்று காலையில் டயரைக் கழற்றி நோட்டை எடுத்தேன், ட்யூபின் தடம் பதிந்து வளைந்திருந்தது, கிழியவில்லை. ஹேங்கர் ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒவ்வொரு வடிவம், பழையதைக் கையில் எடுத்துப்போய் அந்த நோட்டைக் கொடுத்து இரண்டாக வாங்கினேன், ஒன்று மாட்ட, ஒன்று சீட் பைக்குள் போட்டுவைக்க. காசு கொஞ்சம் குறைந்தது, அதைத் தம்பி போட்டான். முட்டி சரியானதும் அவன் சீட்டை ஒரு சென்டிமீட்டர் உயர்த்தி, அதே மேட்டுக்கு இன்னொரு தடவை போகிறோம்.