நடுவில் ஒரு மலை இருக்கிறது

பறவைப் பதிவுகளைச் சரிபார்ப்பவரிடமிருந்து இரவு பத்து மணிக்கு வந்த மின்னஞ்சலில் மரியாதைக்குக் குறைவில்லை. "மிண்டோவில் நீங்கள் பார்த்ததாகப் பதிவு செய்திருக்கும் டூக்கான், ஆண்டிஸ் மலையின் கிழக்குச் சரிவில் வாழ்வது. மிண்டோ மேற்குச் சரிவில் இருக்கிறது. படமோ ஒலிப்பதிவோ இருந்தால் அனுப்ப முடியுமா?" சுருக்கமாகச் சொன்னால், எனக்கும் அந்தப் பெரிய அலகுப் பறவைக்கும் நடுவில் ஒரு மலைத்தொடர் நிற்கிறது.

இருபது வருடங்களாகப் பைனாகுலரைக் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிகிறவனுக்கு இது தேவைதான்.

அலுவலக வேலையாக ஈக்வடாரின் தலைநகர் கீட்டோவுக்கு வந்திருந்தேன். தமிழ்நாட்டைப்போல் சுமார் இரண்டு மடங்கு பெரிய நாடு. பறவை இனங்கள் மட்டும் 1,600க்கு மேல். இந்தியா முழுவதையும் சேர்த்தாலே 1,300 சொச்சம்தான். இதைப் படித்ததும் அடங்கி இருந்திருக்கலாம். நான் கையேடு வாங்கினேன்.

முதல் நாள் காலை, விடுதி வாசலில் ஒரு சிட்டு. தலையில் கறுப்புக் கோடுகள், சின்னக் கொண்டை, பிடரியில் செம்பழுப்புப் பட்டை. மண்டியிட்டு, படுத்து, 43 படங்கள் எடுத்தேன். காவலாளி பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அறைக்குப் போய்க் கையேட்டைப் புரட்டிய பிறகுதான் காரணம் புரிந்தது. மெக்சிகோவின் தென்கோடியிலிருந்து தென் அமெரிக்காவின் கடைக்கோடியான தியரா டெல் ஃபுவேகோ வரை வீதிக்கு வீதி இருக்கிற குருவி அது. நம் ஊருக்கு வந்த வெளிநாட்டுக்காரர் காக்கையின் முன் மண்டியிட்டால் நாம் எப்படிப் பார்ப்போமோ, அப்படித்தான் அவர் பார்த்திருக்கிறார். ஒரே ஆறுதல், 1776இல் இதற்குப் பெயர் வைத்த முல்லர் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து ('கேப்') வந்த பறவை என்று நினைத்து 'கேப்பென்சிஸ்' என்று எழுதிவிட்டார். கண்டமே தப்பு. அந்தப் பெயர் இன்னும் அழியவில்லை. என் தப்பு ஒரு மலை தூரம்தானே?

ஞாயிற்றுக்கிழமை, கீட்டோவிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் மிண்டோ. மேகக் காடு. விடியும் முன்பே வழிகாட்டி பாறைச்சேவல்களைக் காட்டினார். பன்றிக்குட்டிகள் போலக் கத்திக்கொண்டு ஆடும் ரத்தச் சிவப்பு ஆண்கள். இதே பறவை கிழக்குச் சரிவில் ஆரஞ்சு நிறமாம். "எந்தப் பறவையானாலும் முதலில் மலைக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று பாருங்கள்" என்றார். பலமாகத் தலையாட்டினேன்.

அடுத்த அரை மணியில் ஒரு டூக்கான். கறுப்பு உடல், மஞ்சள் தொண்டை, மேலே மஞ்சளும் கீழே கறுப்புமாகப் படகு போன்ற அலகு. கையேட்டில் அச்சு அசலாக ஒரு படம் இருந்தது. மூலையில் தபால்தலை அளவில் அச்சிட்டிருந்த பரவல் வரைபடத்தை எவன் பார்த்தான்! வழிகாட்டியைக் கேட்காமலே கைபேசியில் பறவைப் பட்டியலில் அந்தப் பெயரைப் பதிவு செய்தேன்.

வழிகாட்டியோ அது எந்த டூக்கான் என்று சொல்லவே இல்லை. "அது பேசட்டும்" என்றார். இந்தப் பக்கத்தில் மஞ்சள் தொண்டை டூக்கான்கள் இரண்டு. ஒன்றுக்குக் கீழலகு செம்பழுப்பு, சோகோ டூக்கானுக்குக் கறுப்பு. மேக வெளிச்சத்தில் இரண்டும் கறுப்புதான். குரல் ஒன்றுதான் நம்பகமான அடையாளம். செம்பழுப்பு அலகுக்காரர் 'தியோஸ் தெ தே' என்று கூவுவார். 'கடவுள் உனக்குக் கொடுக்கட்டும்' என்று பொருள். சோகோ கரகரப்பார்.

அதன் குரலைப் பிடிக்க ஒலிப்பதிவு செய்தபடியே காத்திருந்தோம். பறவை பழம் தின்றது. அலகைத் துடைத்தது. மறுபடி தின்றது. நாற்பது நிமிடம். எங்கோ ஒரு தவளை மட்டும் கத்திக்கொண்டிருந்தது. வழிகாட்டி சட்டென்று கையைத் தூக்கினார். நான் புதிதாகக் கற்ற ஸ்பானிஷில், "ரானா, ரானா, தவளைதான், கவனிக்காதீர்கள்" என்று அவரைச் சமாதானப்படுத்தினேன்.

சோகோ டூக்கானின் குரல் தவளையைப் போலவே இருக்கும் என்பதை அவர் சிரித்து முடித்த பிறகு சொன்னார். அந்தக் களேபரத்தில் கைபேசிப் பதிவைத் திருத்த மறந்துபோனேன்.

இப்போது மின்னஞ்சல். ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டேன். பறவையின் குரல் நான்கு விநாடி, தெளிவாக இருக்கிறது. அதைவிடத் தெளிவாக, அதன் மேலேயே, "ரானா, ரானா."

பதிவை சோகோ டூக்கான் என்று திருத்தினேன். ஒலிப்பதிவு எதுவும் இல்லை என்று பதில் எழுதிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.