முன்னங்கால் எலும்புகளுக்கு நிறம் தீட்டிப் படியுங்கள்: பரிணாமச் சான்றுகள் பாடம்

பரிணாமத்துக்கான சான்றுகள் என்றதும் பலரும் ஒரு அட்டவணையை மனப்பாடம் செய்துகொண்டு தேர்வுக்குப் போகிறார்கள். மனிதக் கை, திமிங்கிலத் துடுப்பு என்றால் அமைப்பொத்த உறுப்புகள், அதாவது வேலை வேறானாலும் அடிப்படை அமைப்பு ஒன்றானவை. பூச்சி இறக்கை, பறவை இறக்கை என்றால் செயலொத்த உறுப்புகள், அதாவது அமைப்பு வேறானாலும் வேலை ஒன்றானவை. ஒரு மதிப்பெண் கேள்விக்கு இது போதும். ‘இது எப்படிப் பரிணாமத்துக்குச் சான்றாகிறது?’ என்று விரிவாகக் கேட்டுவிட்டால் அட்டவணை கைகொடுக்காது.

நான் இந்தப் பாடத்தைப் பென்சிலும் நிறங்களுமாகத்தான் படித்தேன். மனிதன், குதிரை, வௌவால், திமிங்கிலம் ஆகியவற்றின் முன்னங்கால்களை வரிசையாக வரைந்து, ஒரே எலும்புக்கு எல்லாப் படங்களிலும் ஒரே நிறம் கொடுத்தேன். மேலே ஒற்றை எலும்பு. அதற்குக் கீழே முன்கையில் ஆர எலும்பு, அல்னா என்று இரண்டு. அப்புறம் மணிக்கட்டின் சிறு எலும்புகள், உள்ளங்கை, விரல்கள். வௌவாலின் இறக்கைத் தோலை விரித்துப் பிடிப்பவை நீண்டு மெலிந்த நான்கு விரல்கள். கட்டைவிரல் மட்டும் நகத்தோடு தனியே நீட்டிக்கொண்டிருக்கும். குதிரை நிற்பது ஒவ்வொரு காலிலும் நடுவிரலின் நுனியில். அதன் முன்னங்காலில் முழங்கால் என்று நாம் நினைக்கும் இடம் உண்மையில் மணிக்கட்டு. அதற்குக் கீழே உள்ள தடித்த எலும்பின் இருபுறமும் குச்சிபோல இரண்டு மெல்லிய எலும்புகள் ஒட்டியிருக்கும். இரண்டாம், நான்காம் விரல்களுக்கு உரிய உள்ளங்கை எலும்புகளில் மிஞ்சியவை அவை. குதிரையின் கால் படத்தில் அந்த இரண்டுக்கும் நிறம் கொடுத்துவிட்டால் பாடத்தில் பாதி முடிந்த மாதிரி.

இப்போது ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த ஒற்றுமை உறுப்பின் வேலைக்குத் தேவைதானா? ஓடுவதற்கும் பறப்பதற்கும் நீந்துவதற்கும் ஒரே எலும்பு வரிசை வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பூச்சி எலும்பே இல்லாமல் பறக்கிறது. வேலை கேட்காத இந்த ஒற்றுமை எங்கிருந்து வந்தது என்றால், ஒரே மூதாதையிடமிருந்து வந்தது என்பதுதான் பொருத்தமான விளக்கம். விடையில் இந்த வாதம் கட்டாயம் இருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்துக்கு, அதாவது வேலையால் வரும் ஒற்றுமைக்கு, சுறாவையும் டால்பினையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெளித்தோற்றம் ஒன்றுதான், ஏனென்றால் வேகமாக நீந்த அந்த வடிவம் தேவை. உள்ளே பார்த்தால் டால்பினின் துடுப்பில் விரல் எலும்புகள் இருக்கின்றன. சுறா வாலைப் பக்கவாட்டில் அசைக்கிறது. டால்பின் மேலும் கீழுமாக அசைக்கிறது, பாலூட்டிகள் பாய்ந்து ஓடும்போது முதுகெலும்பு வளைவதைப் போலவே.

பறவை இறக்கையும் வௌவால் இறக்கையும் எந்த வகை என்ற கேள்வியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். முன்னங்கால்கள் என்ற அளவில் அவை அமைப்பொத்தவை. இறக்கைகள் என்ற அளவில் செயலொத்தவை, ஏனென்றால் பறக்கும் திறன் இரண்டு மரபுவழிகளிலும் தனித்தனியாகத் தோன்றியது. இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

எச்ச உறுப்புகளை, அதாவது மூதாதையரிடம் முழுதாக இருந்து பின்னால் சுருங்கி மிஞ்சிய உறுப்புகளை, ‘பயனற்றவை’ என்று மட்டும் எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. திமிங்கிலத்தின் உடலுக்குள் இருக்கும் சிறிய இடுப்பெலும்புகளில் இனப்பெருக்க உறுப்புக்கான தசைகள் பிணைந்திருக்கின்றன. கால்களைத் தாங்கும் பழைய வேலையை அவை இழந்துவிட்டன என்பதே சரியான விளக்கம்.

வரலாறு கொஞ்சம் தெரிந்தால் போதும். 1555-இலேயே பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் பெலோன் மனித எலும்புக்கூட்டையும் பறவை எலும்புக்கூட்டையும் அருகருகே வரைந்து எலும்புகளைப் பொருத்திக் காட்டினார். அமைப்பொத்த உறுப்புக்குத் தெளிவான வரையறை தந்தவர் ஆங்கிலேய உடற்கூறியலாளர் ரிச்சர்ட் ஓவன், 1843-இல். அவர் டார்வினின் இயற்கைத் தேர்வை ஏற்காதவர். அதாவது, கோட்பாட்டுக்காக இந்த ஒற்றுமைகளை யாரும் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. அவை முன்பே தெரிந்திருந்தன. 1859-இல் டார்வின் அவற்றுக்குக் காரணம் சொன்னார்.

எலும்பில்லாத உதாரணம் ஒன்று வேண்டுமென்றால் ஒட்டகச்சிவிங்கியின் குரல்வளை நரம்பை எழுதலாம். இடப்பக்க நரம்பு மூளையிலிருந்து கழுத்து முழுக்க இறங்கி, இதயத்தருகே பெருந்தமனியைச் சுற்றி, மறுபடி மேலே ஏறிக் குரல்வளைக்கு வருகிறது. மீன்களில் இதற்கு இணையான நரம்பு செவுள்களுக்குப் போகும் குறுகிய பாதையில் இருக்கிறது. கழுத்து நீண்டபோது நரம்பும் கூடவே நீண்டது.

நேரம் மிச்சமிருந்தால் டிக்டாலிக் என்ற புதைபடிவ மீனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மீனுக்கும் நான்குகால் விலங்குக்கும் இடைப்பட்ட உயிரி எந்தக் காலத்துப் பாறையில் இருக்கும் என்று முன்கூட்டியே கணித்து, தொல்லுயிரியலாளர் நீல் ஷூபினின் குழு வட கனடாவின் எல்ஸ்மியர் தீவில் தேடியது. 2004-இல் கிடைத்த அந்தப் புதைபடிவத்தின் வயது ஏறத்தாழ 37.5 கோடி ஆண்டுகள். செதிலும் துடுப்பும் கொண்ட அந்த மீனின் துடுப்புக்குள் மேற்கை எலும்பு, ஆர எலும்பு, அல்னா மூன்றும் இருக்கின்றன. உங்கள் படவரிசையில் மனிதக் கைக்கு முன்னால் அதை வரைந்து, அதே நிறங்களைக் கொடுங்கள்.