தாராளமா

"நெசமாலுமே சொல்லலாமுங்களா சார்?" என்று, தைத்த துணியில் பிழை பார்க்கும் அந்தச் செக்கிங் அக்கா கேட்டபோது நான் வருகைப் பதிவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தாராளமா சொல்லுங்க" என்றேன்.

மறுநாள் கூட்டம். பையர் ஆடிட்டுக்கு, அதாவது சரக்கு வாங்கும் கம்பெனி நடத்தும் சோதனைக்கு, முன்னால் முதலாளியே வந்து உட்கார்ந்து, "நாமெல்லாம் ஒரே குடும்பம், மனசுல இருக்கறதச் சொல்லுங்க" என்பாரே, அந்தக் கூட்டம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மிஞ்சிப்போனால் யாராவது குடிதண்ணீரைப் பற்றிச் சொல்வார்கள். அக்கா எழுந்து, "வாசப்பக்கம் செவுத்துல போட்டிருக்கறதப் படிச்சேனுங்க. ஓவர்டைமுக்கு ரெட்டைச் சம்பளம்னு இருக்குது. நமக்கு அப்படி வர்றதில்லீங்களே?" என்றார்.

அந்த போஸ்டரை ஒட்டியவன் நான்தான். ஆடிட்டர் கண்ணில் படுவதற்காக ஒட்டியது. அப்போது நடப்பிலிருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 59ஆவது பிரிவு அதைத்தான் சொன்னது: நாளுக்கு 9 மணி நேரமோ வாரத்துக்கு 48 மணி நேரமோ தாண்டினால் இரட்டிப்பு ஊதியம். எங்கள் வழக்கம் வேறு. காலை எட்டரைக்கு வந்து இரவு எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட். கூடுதல் நேரத்துக்கு அரை ஷிப்ட் சம்பளம், அவ்வளவுதான். எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை.

முதலாளி கோபப்படவில்லை. "நல்ல கேள்விம்மா" என்று சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "சட்டப்படியே பண்ணிருங்க" என்றார்.

திங்கட்கிழமையிலிருந்து அக்காவின் டேபிளுக்கு மட்டும் ஒரு ஷிப்ட். மற்ற டேபிள்கள் எப்போதும்போல எட்டரை வரை ஓடின. பதினாறு பேருக்கு வாரச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போனது. சட்டப்படி ஒரு குற்றமும் சொல்ல முடியாது. சுற்றறிக்கையை நான்தான் டைப் செய்தேன்.

சனிக்கிழமை கவர் வாங்கும்போது ஒரு பெண், "உன்ற வாயால எங்க சீட்டுக்காசு போச்சுக்கா" என்றாள். அதற்குப் பிறகு அக்கா தனியாகத்தான் சாப்பிட்டார்.

நான் பொய் சொல்லவில்லை. சொன்னதற்காக யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. அந்த மாதம் ஆர்டரும் கொஞ்சம் மந்தம்தான், எப்படியும் ஏதோ ஒரு டேபிளுக்கு ஷிப்ட் குறைந்திருக்கும். இதை எனக்கு நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் ஏன் அந்த டேபிள்? அன்றைக்கு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்திருந்தால், "ஆடிட் முடியட்டும்க்கா" என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. அது அக்கறையா, என் வேலையைக் காப்பாற்றிக்கொள்வதா என்பது இன்னும் பிடிபடவில்லை. நானும் அந்தக் கூட்டங்களில் ஒரு தடவைகூட வாய் திறந்ததில்லை.

ஷிப்மென்ட் நாளில் பதினோரு மணி வரை நின்று, பெட்டி கட்டிய பிறகும் ஒரு சைஸில் கழுத்தளவு தப்பு என்று பிரிக்க வைத்தவர் இதே அக்கா. அன்று எல்லோரும் பாராட்டினோம். 'விசுவாசம்' என்றுகூடச் சொன்னோம். போஸ்டரைப் படித்ததும் அதே கண்தான். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வேண்டாம் என்றால் எப்படி?

அக்கா வேலையை விட்டுப் போனபின் உற்பத்தி குறையும் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன் என்பதைவிட, ஆசைப்பட்டேன். குறையவில்லை. அந்த டேபிளுக்கு ஒன்றரை ஷிப்ட் திரும்ப வந்தது, லீவு போடுவதுகூடக் குறைந்தது. மனம்விட்டுப் பேச விட்டால்தான் ஆட்கள் நிலைப்பார்கள் என்று பயிற்சி வகுப்பில் நானே பாடம் எடுத்திருக்கிறேன். என் பதிவேடு அதை நிரூபிக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் குடிதண்ணீரைப் பற்றிக்கூட யாரும் பேசவில்லை என்பது மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. அதற்குப் பதிவேட்டில் இடமில்லை.

கணக்கு முடிக்க வந்த அன்று, படிவத்தில் 'விலகும் காரணம்' என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தார். கேட்டேன். "நீங்களே எழுதிக்கோங்க சார்" என்றார். 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதி நீட்டினேன். படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.