எண்ணெய் தேங்கிய தட்டு: ஹானியாவில் ஒரு கிராமத்துச் சாலட்

ஹானியாவில் நான் உண்ட முதல் சாலட் ஏமாற்றமாகவே இருந்தது. கிரேக்க நாட்டைச் சேர்ந்த கிரீட் தீவின் வடமேற்குக் கரையில் உள்ள அந்த ஊருக்கு ஜூலை மாத வெயிலில் போய்ச் சேர்ந்த அன்று மாலை, வெனிஸ் ஆட்சிக்காலத்தில் கட்டப்பட்ட பழைய துறைமுகத்தை ஒட்டிய ஓர் உணவகத்தில் 'கிரீக் சாலட்' கேட்டேன். வந்த தட்டில் பாதிக்கு மேல் லெட்டூஸ் இலைகள்; அவற்றிடையே குளிர்பெட்டியின் சில்லிப்பு மாறாத தக்காளித் துண்டுகள்; மேலே உதிர்த்துத் தூவிய சிறிது பாலாடைக்கட்டி. சாலட் என்பது எடையைக் குறைக்க நினைப்பவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு உண்பது என்ற என் பழைய எண்ணம் அன்றிரவு உறுதிப்பட்டது.

மறுநாள் காலை, நான் தங்கியிருந்த அறையின் உரிமையாளரான மூதாட்டியிடம் இதைச் சொன்னபோது, தமக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில் அவர் கேட்ட ஒரே கேள்வி, "லெட்டூஸா?" என்பதுதான். லெட்டூஸைப் பொடியாக அரிந்து செய்யும் சாலட் கிரேக்கத்திலும் உண்டு, ஆனால் அது குளிர்காலத்துக்கும் இளவேனிலுக்கும் உரிய தனி வகை. கோடையில் உண்பது 'ஹோரியாட்டிகி', அதாவது கிராமத்துச் சாலட். அதில் இலைக்கு இடமில்லை என்றார். பிறகு சற்று யோசித்து, ஓர் இலைக்கு மட்டும் உண்டு என்று திருத்திக்கொண்டார்.

அந்த இலை எது என்பது சனிக்கிழமை தெரிந்தது. ஹானியாவின் பழைய கோட்டைச் சுவரை ஒட்டிய மினோஸ் தெருவில், வாரந்தோறும் அன்று 'லைகி' எனப்படும் சந்தை கூடுகிறது. சுற்றுக் கிராமங்களின் விளைச்சல் குவிந்திருந்த அந்தத் தெருவில், பழுத்து வெடிக்கும் நிலையில் இருந்த, ஒன்றைப்போல் மற்றொன்று இல்லாத தக்காளிகளுக்கு அருகே, தடித்த சிவந்த தண்டும் சதைப்பற்றுள்ள சிற்றிலைகளுமாக ஒரு கீரைக்கட்டு கிடந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன்; நம் பருப்புக்கீரையேதான். அங்கே அதன் பெயர் கிளிஸ்ட்ரிதா. 'வழுக்குவது' என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்த பெயர் அது, வாய் ஓயாமல் பேசுபவரைப் பார்த்து, "கிளிஸ்ட்ரிதா தின்றாயா?" என்று கேட்பது கிரேக்க வழக்கம். நாம் பருப்போடு வேகவைக்கும் கீரையை அவர்கள் பச்சையாகவே கிள்ளி ஹோரியாட்டிகியில் போடுகிறார்கள். அதன் இளம் புளிப்பு தக்காளியோடு இவ்வளவு பொருந்தும் என்று இத்தனை ஆண்டுகளில் எனக்குத் தோன்றியதே இல்லை.

அன்று மதியம் அவருடைய சமையலறையில் நின்று செய்முறையைக் கற்றேன். இருவருக்கு மூன்று பெரிய தக்காளி, ஒரு வெள்ளரிக்காய், பாதி சிவப்பு வெங்காயம், ஒரு பச்சைக் குடைமிளகாய், பத்துப் பன்னிரண்டு ஆலிவ் காய்கள், ஒரு பிடி கிளிஸ்ட்ரிதா. தக்காளியைப் பலகையில் வைத்து அரியாமல், ஒரு துளிச் சாறும் வீணாகக் கூடாது என்பதற்காகக் கிண்ணத்துக்கு நேர்மேலே கையில் பிடித்தே கத்தியால் கீறிக் கீறிப் பெரிய துண்டுகளாக விழவைத்தார். அதன்மேல் உப்பிட்டுப் பத்து நிமிடம் அப்படியே விட்டார். என் பார்வையில் முழுச் சமையலும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது. உப்பு தக்காளியின் நீரை வெளியே இழுக்கிறது. பின்னர் ஊற்றும் எண்ணெய் அந்த நீரோடு கலந்து தட்டின் அடியில் தேங்குகிறது. அதற்குள் மற்றவற்றை நறுக்கிச் சேர்த்துவிடலாம். வினிகர் வேண்டுமா என்று கேட்டதற்கு, நல்ல தக்காளி இருக்கும்போது எதற்கு என்பதுபோல் கையை விரித்தார்.

பாலாடைக்கட்டியை உதிர்ப்பதில்லை. ஒரே பாளமாக உச்சியில் வைத்து, காய்ந்த ஓரிகானோவை உள்ளங்கைகளுக்கிடையே தேய்த்துத் தூவுகிறார்கள். அந்த வாசம் எழுந்தபோது நினைவுக்கு வந்தது வீட்டு முற்றத்துக் கற்பூரவல்லி. இரண்டிலும் கார்வக்ரால் என்ற ஒரே வேதிப்பொருள் இருப்பதால் அது வெறும் மனமயக்கம் அன்று. கடைசியில் எண்ணெய். நான் இரண்டு தேக்கரண்டி அளவை எதிர்பார்த்திருந்தேன். அவரோ குப்பியைச் சாய்த்து, பாளத்தின் மேல் மூன்று சுற்றுச் சுற்றி வந்த பிறகே நிமிர்த்தினார்.

ஃபெட்டா எனப்படும் அந்தப் பாலாடைக்கட்டியைப் பற்றி ஒரு செய்தி. அந்தப் பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2002ஆம் ஆண்டு முதல் சட்டப் பாதுகாப்பு அளித்து வருகிறது. செம்மறியாட்டுப் பாலில், வெள்ளாட்டுப் பால் 30 விழுக்காட்டுக்கு மிகாமல் கலந்து, குறைந்தது இரண்டு மாதம் பதப்படுத்திய பாலாடைக்கட்டி மட்டுமே அப்பெயரைத் தாங்கலாம். அதுவும் கிரேக்கப் பெருநிலத்திலோ லெஸ்போஸ் பகுதியிலோ செய்ததாக இருக்க வேண்டும். கிரீட் அந்த எல்லைக்குள் இல்லை. ஆகவே அந்த மூதாட்டி மிஸித்ரா என்ற உள்ளூர்ப் பாலாடைக்கட்டியையே பெரிதும் விரும்பினார். வாற்கோதுமை மாவில் இருமுறை சுட்டுக் கல்லைப்போல் இறுகிய 'பக்ஸிமாதி' ரொட்டியை லேசாக நனைத்து, துருவிய தக்காளியும் மிஸித்ராவும் எண்ணெயும் மேலே இட்டு உண்ணும் 'டாக்கோஸ்' இத்தீவின் சொந்தச் சிற்றுண்டி. சைவ உணவில் கண்டிப்பு உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஃபெட்டாவுக்குப் பாலைத் திரிக்கப் பெரும்பாலும் இளங்கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைத்தான் சேர்க்கிறார்கள். இதை அறிந்தபின் நான் இருநாள் தயங்கினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தயங்கிய அந்த நாள்களில் என்னைக் காப்பாற்றியது 'லாதெரா'. லாதி என்றால் எண்ணெய். காய்களைத் தக்காளியோடும் தாராளமான ஆலிவ் எண்ணெயோடும் நெடுநேரம் இளந்தீயில் வேகவைக்கும் சமையல் அனைத்துக்கும் லாதெரா என்பது பொதுப்பெயர். பீன்ஸில் செய்யும் ஃபசோலாக்கியா, கத்தரி, சீமைச் சுரைக்காய், உருளைக்கிழங்கு சேர்ந்த பிரியாம் இரண்டும் அங்கே தொடுகறி அல்ல. ரொட்டியோடு அதுவே முழுச் சாப்பாடு. கிழக்கத்திய கிறித்தவத் திருச்சபையின் நோன்பு நாள்களில் இறைச்சி, பால், முட்டை மூன்றையும் விலக்குவதால் 'நிஸ்திசிமா' எனப்படும் நோன்பு உணவு வளர்ந்த நாடு இது. உணவகத்தில் அந்த ஒரு சொல்லைச் சொன்னாலே போதும், பாலும் இறைச்சியும் அற்ற பட்டியல் கிடைத்துவிடும்.

1948இல் ராக்கஃபெல்லர் அறக்கட்டளையின் சார்பில் இத்தீவை ஆய்ந்த லேலண்ட் ஆல்பா, இங்குள்ளவர்களின் உணவு எண்ணெயில் நீந்துவதாகவே தோன்றியது என்று பதிவு செய்திருக்கிறார். உணவுக்கும் இதயநோய்க்கும் உள்ள தொடர்பை ஆராயும் ஏழு நாடுகள் ஆய்வை 1958இல் தொடங்கிய ஆன்செல் கீஸ், கிரீட்டில் இதயநோய் மிகக் குறைவு என்று கண்டதும், அந்த எண்ணெயும் காயும் பயறும் உலகப் புகழ் பெற்றன. 2010இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலிலும் மத்தியதரைக்கடல் உணவுமுறை இடம்பெற்றது. ஆனால் ஆல்பா கேட்டபோது கிரீட் மக்கள் தங்களுக்கு இறைச்சி இன்னும் அதிகமாக வேண்டும் என்றே சொன்னார்கள். இன்று உடல்நலத்தின் இலக்கணமாகப் போற்றப்படும் அந்தத் தட்டு, போருக்குப் பிந்தைய வறுமை நிரப்பிய தட்டு என்பதை இந்த உணவுமுறையை விற்பவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

ஊர் திரும்புவதற்கு முந்தைய மதியம், சாலட்டை நானே செய்து அவருக்குப் பரிமாறினேன். காய்கள் தீர்ந்ததும் அவர் ரொட்டியைப் பிய்த்துத் தட்டின் அடியிலிருந்த சாற்றில் தோய்த்தார். 'பாப்பாரா' எனப்படும் இந்தத் துடைப்புக்காகவே சாலட் செய்கிறோம் என்று முன்பே சொல்லியிருந்தார். ஒரு வாய் மென்றார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் எண்ணெய்க் குப்பியை எடுத்து, என் தட்டிலும் தம் தட்டிலும் இன்னொரு சுற்று ஊற்றினார்.