பாதாதி கேசாந்தம்

முதலாம் இராசராசனும் அவன் குடும்பத்தாரும் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த செப்புத் திருமேனிகளின் பட்டியல் அக்கோயில் கல்வெட்டுகளிலேயே இருக்கிறது. தெய்வத்தின் பெயர், கைகள் எத்தனை, கனமாக வார்த்ததா பொள்ளலாக (உள்ளே வெற்றிடம் விட்டு) வார்த்ததா, பாதாதி கேசாந்தம், அதாவது பாதம் முதல் தலைமுடி வரை, எத்தனை விரல், பீடம் தனியே எவ்வளவு என்று வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். அளந்தது கோயிலில் வைத்திருந்த முழக்கோலால் என்பதையும் சொல்ல மறக்கவில்லை. கலை வரலாறு படித்து என்ன வேலைக்குப் போவது என்று கேட்கும் மாணவருக்கு முதலில் காட்டவேண்டியது இந்தக் கல்வெட்டைத்தான். அருங்காட்சியகத்தில் காப்பாட்சியராக (சேகரிப்பைப் பொறுப்பேற்றுப் பேணுபவராக) சேர்பவர் இன்றும் இதையேதான் செய்கிறார்.

பரோடா, சாந்திநிகேதன், டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், சென்னையில் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி என்று இப்பாடத்தைப் படிக்கச் சில இடங்கள் உண்டு. தேர்வில் படத்தைக் காட்டிப் பெயரும் நூற்றாண்டும் கேட்பார்கள். அதில் தேறியவர்களும் பெயர்ப்பலகை இல்லாத ஒரு திருமேனிக்கு முன்னால் திணறிப்போவதுண்டு. அதற்கு ஒரு பயிற்சி: ஒரு சிற்பத்தின் முன் இருபது நிமிடம் நின்று, தெய்வத்தின் பெயரைச் சொல்லாமல் கண்டதை மட்டும் எழுதுங்கள். சிற்பத்தைப் பார்த்திராத நண்பர் அதைப் படித்துப் படம் வரையட்டும். படம் எங்கே பிசகுகிறதோ அந்த வாக்கியம் பிசகியிருக்கிறது. பெரும்பாலும் பிசகுவது வலமும் இடமும்தான். பதிவேட்டில் ‘வலக்கை’ என்றால் திருமேனியின் வலக்கை, பார்ப்பவரின் வலப்பக்கம் அல்ல. இந்த ஒரு குழப்பத்தால் மழுவும் மானும் கை மாறிப்போன பதிவுகள் நிறைய.

வேலையில் சேர்ந்த பிறகு ஒரு செப்புத் திருமேனியைப் பதிவு செய்ய ஒழுங்காக ஒரு மணி நேரமாவது வேண்டும். முதலில் நைட்ரைல் கையுறை. வியர்வையின் உப்பு செம்பை அரிக்கத் தொடங்கிவிடும். கையையோ திருவாசியையோ (திருமேனியைச் சூழ்ந்த வளைவையோ) பிடித்துத் தூக்கவே கூடாது. பழைய ஒட்டுகள் அங்கேதான் இருக்கும். ஒரு கை பீடத்தின் அடியில், மறு கை உடலில். கனமானால் இரண்டு பேர். உயரத்தைப் பீடத்தோடு ஒரு முறை, பீடமில்லாமல் ஒரு முறை, திருவாசியோடு ஒரு முறை என்று செ.மீ.யில் எழுத வேண்டும். பின்னாளில் செருகிய மரப்பீடத்தையும் சேர்த்து ‘சுமார் 2 அடி’ என்று எழுதிய பதிவு, திருட்டு வழக்கில் ஒன்றுக்கும் உதவாது.

படம் எடுப்பதில் ஃபிளாஷ் வேண்டாம். உலோகத்தில் வெளிச்சம் தெறித்து முகமே மறைந்துவிடும். கைபேசியின் அகலக் கோண லென்ஸில் அருகே நின்று எடுத்தால் தலை பெருத்து உடல் சிறுக்கும். முன், பின், இரு பக்கம், பீடத்தின் அடி, அளவுகோலுடன் ஒன்று என்று குறைந்தது ஆறு படங்கள். எழுத்து இருந்தால் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து இன்னொன்று. மிகவும் விட்டுப்போவது பின்புறம். மெழுகு வார்ப்பில் ஒவ்வொரு முறையும் அச்சு உடைபடுவதால் எந்த இரண்டு திருமேனிகளும் ஒன்றல்ல. தலையின் பின்னுள்ள சிரச்சக்கரம், தொங்கும் சடை, வார்ப்பில் விழுந்த குழி, அதை அடைத்த ஒட்டு ஆகியவைதான் அடையாளம். போலி செய்பவர் முகத்தைப் பார்த்துச் செய்வார். முதுகின் வார்ப்புக் குழியை அதே இடத்தில் கொண்டுவருவது அவருக்குக் கடினம்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து களவுபோன நடராசரை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008-ல் 50 லட்சம் டாலர் அளவுக்கு விலை கொடுத்து வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயில்களில் எடுத்துச் சேமித்திருந்த படங்கள்தான் அது எங்கிருந்து போனது என்பதற்குச் சான்றாயின. 2014 செப்டம்பரில் நடராசர் இந்தியாவிடம் திரும்பினார். அந்தப் படத்தை எடுத்துக் குறிப்பெழுதி உறையில் போட்டு வைத்தவரின் உழைப்பை நினைக்கும்போதெல்லாம் நன்றி பெருகுகிறது.

பெயரிடுவதற்கு உருவ இலக்கணம் வேண்டும். திருமாலின் வலப்புறம் நிற்பவள் ஸ்ரீதேவி, மார்புக்கச்சை அணிந்திருப்பாள். இடப்புறம் பூதேவி, கச்சை இராது. சிவனும் உமையும் கந்தனோடு அமர்ந்த சோமாஸ்கந்தரில் நடுவிலுள்ள குழந்தைக் கந்தனைத் தனியே வார்த்துப் பொருத்தியிருந்தால், கந்தன் காணாமல் போய்க் குழி மட்டும் மிஞ்சியிருக்கும். அந்தக் குழியையும் எழுத வேண்டும், ஏனென்றால் கந்தன் வேறெங்கோ தனியாகக் கிடைக்கலாம்.

வெளிர்பச்சைப் பொடி தெரிந்தால் உடனே வேதியியல் பிரிவுக்கு. மண்ணில் புதைந்திருந்தபோது ஏறிய குளோரைடு, காற்றின் ஈரம் பட்டு உலோகத்தைத் தின்கிறது. துடைத்தால் போகாது. சென்னை அருங்காட்சியகத்தில் 1930-லேயே வேதியியல் கூடம் தொடங்கியது இதற்காகத்தான்.

மற்ற வேலைகளும் உண்டு: கலைக்கூடம், ஏல நிறுவனம், ஆவணக்காப்பகம், கற்பித்தல். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. அதனால் இங்குள்ள ஏல நிறுவனங்களில் நவீன ஓவியம் படித்தவருக்கே வாய்ப்பு கூடுதல். சம்பளம் தொடக்கத்தில் குறைவு. ஒப்பந்த வேலையே அதிகம். கூடவே வேதியியலோ கல்வெட்டு வாசிப்போ தெரிந்தவருக்குக் கதவுகள் சீக்கிரம் திறக்கின்றன.

பழைய பதிவேடுகளில் ‘அம்மன் – 1’ என்று மட்டும் இருப்பதை அடிக்கடி பார்க்க நேரும். அந்த அம்மன் நடராசரின் துணையான சிவகாமியா, வேறொரு திருமேனியின் துணையான போகசக்தியா என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. கூட வந்த திருமேனி எது, எந்த ஊர் என்று தேடித்தான் சொல்ல முடியும். தேடிக் கண்டதைப் புதுவரியாக எழுதுங்கள், தேதியும் கையெழுத்துமாக. பழைய வரியை அடிக்காதீர்கள். ‘அம்மன் – 1’ அப்படியே இருக்கட்டும்.